மாடு தின்ற வால்

மாடு மேய்கிற இடத்தில் விமானத்தைத் தனியாக விட்டுப் போகக் கூடாது. இறக்கையிலும் வாலிலும் போர்த்தியிருக்கிற துணியில் பூசுகிற வார்னிஷ் வாசனை என்றால் மாடுகளுக்கு உயிர்; துணியையே தின்றுவிடும். மிசௌரிப் பக்கம் விமானம் ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும்.

கலிபோர்னியாவில் புறப்பட்டு சிகாகோவில் முடிகிற பெண்கள் விமானப் பந்தயத்தின் கடைசி நாள் அது. மொத்த நேரக் கணக்கில் நான்தான் முதலில் இருந்தேன். என் தோழி வெர்லா எனக்கு அடுத்து. ஜெயிக்கிறவளுக்கு விமானி வேலை தருவதாக ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. எங்களில் யாரையும் அதுவரை எவனும் வேலைக்குக் கூப்பிட்டதில்லை. நானோ கன்சாஸில் தொப்பிக் கடையில் நின்றுகொண்டிருந்தவள்.

அன்று வெர்லா எனக்கு முன்னால் கிளம்பியிருந்தாள். வழியில் ஒரு புல்வெளியில் அவளுடைய சிவப்பு விமானம் நிற்பதைப் பார்த்தேன். செத்துக்கித்துப் போயிருந்தால்? அப்படியே இறங்கிவிட்டேன்.

அவள் முகமெல்லாம் எண்ணெயாக, பெட்ரோல் குழாயில் அடைத்திருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தாள்.

"பொணம் பாக்க வந்தியா, ஹாட்டி?"

"வாய மூடிக்கிட்டு உள்ள உக்காரு. நான் சுத்தி விடறேன்."

முன்னால் போய் விசிறியைப் பிடித்துச் சுழற்றினேன். தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருந்தது. ஒருவழியாக இஞ்சின் பிடித்தது. சந்தோஷமாகத் திரும்பினால், என் விமானத்தின் வாலைச் சுற்றி மாடுகள். வெறும் சட்டம்தான் மிச்சம். ஒரு பசு துணியை மென்றபடி என்னைப் பார்த்தது.

வெர்லாவும் பார்த்துவிட்டாள். இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

"வாடி! முன் சீட்டு காலியாத்தானே இருக்கு, ஏறு!"

பந்தய விமானத்தில் இன்னொருவர் ஏறினால் ஆட்டம் காலி. ஆண்பிள்ளை ஒளிந்திருந்து ஓட்டுகிறான் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதிவிடக் கூடாதே என்று, மேசையைத் தட்டிச் சண்டை போட்டு அந்த விதியைப் போட வைத்ததே நான்தான்.

"நான் ஏறினா ரெண்டு பேருக்கும் வேலை இல்லடி. நீ போ!"

 அவள் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்து தொப்பியைக் கழற்றினார். "ஏம்மா, அந்தத் துணியால என் பசுவுக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டார். அந்த ஆளை ஓங்கி அறையலாம் போலிருந்தது.

வெர்லா ஜெயித்தாள். மேடையில் என் பெயரைச் சொல்லி அழுதாளாம். வேலையும் அவளுக்கே கிடைத்தது. நான் தொப்பிக் கடைக்குத் திரும்பினேன். எங்கள் ஊருக்கு மேலே போகும்போதெல்லாம் அவள் இறக்கையை ஆட்டிவிட்டுப் போவாள். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு ஓடுவார்கள். நான் போக மாட்டேன்.

இறங்கியதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த விதிக்காகவும் வருத்தப்படவில்லை. அவள் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தாலும் நான் ஏறியிருக்க மாட்டேன். ஆனாலும் கூப்பிட்டிருக்கலாம்.