எரியாத எள்

ஒரு வருடமாக என் மனைவி யோகமலர் எங்கள் ஒரே மகள் மயூராவோடு ஒரு சொல்லும் பேசவில்லை. குற்றம் கொரோனாவில் தொடங்கியது. வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று மகளின் அலுவலகம் சொன்னது; எந்த வீடு என்று சொல்லவில்லை. அவள் லண்டன் இல்ஃபோர்டை விட்டு, ஸ்பெயினின் லா பல்மா என்ற எரிமலைத் தீவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். லண்டனிலேயே சட்டன் பக்கம் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் சூமில் பெண் பார்க்க வந்தபோது, "பிள்ளைக்குப் பின்னாலை தெரியிறது படமோ?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார். "இல்லை அன்ரி, மலை" என்றாள் இவள். சம்பந்தம் அந்த மலையோடு முடிந்தது.

அதன்பிறகு தீவுச் செய்திகளுக்கு நான்தான் தபால்காரன். மகள் எனக்குச் சொல்வாள்; நான் குசினியில் சுவருக்குச் சொல்வதுபோல உரக்கச் சொல்வேன்; யோகமலர் காது கேளாதவள் மாதிரி வெங்காயம் வெட்டுவாள்.

ஆனால் பிள்ளை திரும்பி வரவேண்டும் என்ற ஏக்கம் அவளைத் தின்றது. பிளேஸ்டோவில் இருக்கும் சாத்திரியார் சாதகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை அந்த வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டுமென்றால் புரட்டாதியில் ஐந்து சனிக்கிழமையும் எள்ளெண்ணெய் எரிக்கச் சொன்னார். கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து, நல்லெண்ணெயில் தோய்த்து எரிக்க வேண்டும். முதல் சனிக்கிழமை எரித்தோம். ஞாயிற்றுக்கிழமை லா பல்மாவில் மலை வெடித்தது.

"உம்மடை விளக்கு நல்லாத்தான் வேலை செய்யுது" என்றேன். இரண்டு நாள் எனக்குச் சோறு கிடைக்கவில்லை.

மகளோ அசையவில்லை. நெருப்பு தன் வீட்டுப் பக்கம் வராதாம், சாம்பல் மட்டும்தான் கொட்டுகிறதாம். "மாஸ்க் இப்ப கோவிட்டுக்கோ சாம்பலுக்கோ எண்டு தெரியேல்லை அப்பா" என்று சிரித்தாள். காலையில் வாசலைக் கூட்டி, அலுவலகக் கூட்டத்துக்கு முகம் காட்டி, மாலையில் மறுபடி கூட்டுவாள். அம்மா நல்ல எள்ளுக்கு அலைகிறாள், கடை எள்ளில் ஒரே கல் என்று பேச்சுவாக்கில் நானும் சொல்லிவைத்தேன்.

மூன்றாம் சனி கழிந்து ஒரு பார்சல் வந்தது. கொரோனாவுக்குப் பயந்து அதை மூன்று நாள் வாசலிலேயே வைத்திருந்து பிரித்தோம். ஒரு போத்தல் நிறையக் கறுப்புமணி. மேலே கோணல் எழுத்தில் "அம்மாவுக்கு".

"எள்ளு" என்றாள் யோகமலர். அவளுடைய கண் கலங்கியது. "நான் தேடினது பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்?"

நான் பெருமையோடு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நாலாம் சனி அந்த எள் அருமையாக எரிந்தது. துணி போயும் மணி ஒன்றுகூடக் கருகவில்லை. நல்ல சகுனமாம். எரித்ததைக் குப்பை வாளியில் கொட்டிவிட்டு, ஐந்தாம் சனிக்கும் ஒரு முடிச்சு முடிந்து வைத்தாள்.

ஐந்தாம் சனி காலை, மிச்சத்தில் எள்ளுருண்டை பிடிக்கலாம் என்று ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக் கடித்தாள். கடைவாய்ப் பல்லில் ஒரு துண்டு போயிற்று. கொரோனாக் காலத்தில் பல் வைத்தியரைப் பிடிப்பதைவிட ராணியைப் பார்ப்பது சுலபம். யோகமலர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு என் போனைப் பறித்தாள்.

"என்னடி எள்ளு அனுப்பினனி? கல்லு."

ஒரு வருடத்து மௌனம் ஒரு பல்லில் உடைந்தது.

"அம்மா? அது எள்ளில்லை அம்மா. சாம்பல். எங்கட வாசல்லை விழுந்தது. உங்களுக்குக் காட்டத்தான் அனுப்பினனான்."

"வாசலைக் கூட்டிப்போட்டுக் குப்பையை எனக்கு அனுப்பினனியோ?"

மயூரா சிரித்தாள். பிறகு அழுதாள்.

"அந்த வாசல் இப்ப இல்லை அம்மா. போன சனிக்கிழமை நெருப்பு இறங்கி வீடு எரிஞ்சுபோச்சுது. முதல்நாளே எங்களை வெளியேத்திப்போட்டினம். பள்ளிக்கூட ஹோலிலை படுக்கிறன். சொல்லப் பயமாயிருந்தது. கோவிட் டெஸ்ட் எடுத்துப்போட்டு வாறன் அம்மா."

போன சனி எங்கள் நாலாம் விளக்கு. யோகமலர் போனை என்னிடம் தந்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது, பிள்ளை வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அவள் வரவேணுமெண்டுதானே எரிச்சனான்" என்றாள். "வீட்டையோ எரிக்கச் சொன்னனான்?"

எழுந்து போய்க் குப்பை வாளியைத் திறந்து பார்த்தாள். கவுன்சில் குப்பை வண்டி வியாழனே வந்து போயிருந்தது.

நல்லெண்ணெயும் சிட்டி விளக்கும் தயாராக இருந்தன. நான் முடிச்சையும் தீப்பெட்டியையும் எடுத்தேன். யோகமலர் என் கையிலிருந்து முடிச்சை வாங்கி அவிழ்த்து, ஒரு மணி சிந்தாமல் போத்தலுக்குள் கொட்டி மூடினாள்.

"இதை எரிக்கேலாது" என்றாள். "இது பிள்ளையின்ரை வீடு."