கடைசி ஆளுக்குப் பின்னால் வேன்

மனித குலம் அவசரத்தால் அழிந்துகொண்டிருக்கிறது. அதைக் கரையேற்ற, நிதானமாக மிதிக்கப்படும் சைக்கிள் ஒன்றால்தான் முடியும். இந்த உண்மையைத் தலைவர் ஏரிக்கரையில் நின்று உலகத்துக்கு அறிவித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு உறுப்பினர்கள் அவருடைய வலது காலைத் தூக்கிச் சைக்கிளின் அந்தப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கால்சட்டை அவ்வளவு இறுக்கம். உடம்போடு ஒட்டியிருந்தால்தான் காற்றைக் கிழிக்கலாம் என்று கடைக்காரன் சொல்லி விற்றிருந்தான். நிதானமாகப் போகிற மனுஷனுக்குக் காற்றைக் கிழித்து என்ன ஆகவேண்டும் என்று அவனும் யோசிக்கவில்லை, இவரும் யோசிக்கவில்லை.

தலைவர் குடிநீர்த் துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். பணியில் இருந்த காலத்தில் எந்தக் கோப்பையும் அவசரப்படுத்தியதில்லை. ஓய்வுபெற்ற பிறகு அதையே ஒரு தத்துவமாக்கி, நிதான மிதிவண்டிப் பயணச் சங்கம் ஆரம்பித்துவிட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை, காடும் ஏரிகளுமாகக் கிடக்கும் அந்தப் பிரதேசத்தை ஆற அமர மிதித்துச் சுற்றிவருவார்கள். ஒவ்வொரு ஏரிக்கரையிலும் தலைவர் பேசுவார். ஏரிகள் எங்கேயும் ஓட முடியாதவை.

சங்கத்துக்கு விதிகள் உண்டு. தலைவரை யாரும் முந்தக்கூடாது. யாரிடமும் வழி கேட்கக்கூடாது. கேட்டால் தலைவருக்கு வழி தெரியாது என்று அர்த்தமாகிவிடும். பயணத்தின் நடுவே யாராவது காலைத் தரையில் ஊன்றிவிட்டால், பின்னால் வரும் வேன் அவரைச் சைக்கிளோடு அள்ளிப் போட்டுக்கொள்ளும். அப்படி ஏறியவர் அந்த நிமிஷமே ‘வேன் உறுப்பினர்’. அடுத்த வருஷப் பயணம் வரைக்கும் சங்கத்துக்கு வெங்காயம் உரிப்பது, முட்டை அவிப்பது, தட்டுக் கழுவுவது எல்லாம் வேன் உறுப்பினர் பொறுப்பு. இறுதி ஏரி வரைக்கும் மிதித்தே வந்து சேர்ந்தவர்தான் முழு உறுப்பினர். முழு உறுப்பினர்கள் சாப்பிடுவார்கள்.

செயலாளரின் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். ஐம்பது வயதுக்கு மேல், இந்த வருஷம்தான் சைக்கிள் கற்றுக்கொண்டாள். அதற்கு முன்பு சங்கத்தில் அவள் இருந்த இடம் வேன். கையில் இருந்தது வெங்காயம். ‘அடுத்த தடவை நானும் மிதிக்கிறேன்’ என்று அவள் சொன்னபோது சங்கமே சிரித்தது. செயலாளர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அன்றிலிருந்து அவளுக்கு ஆமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெதுவாகப் போவதற்கென்றே சங்கம் நடத்துகிறவர்கள் ஒருத்தியை மெதுவாகப் போகிறாள் என்று கேலி செய்தது அங்கே யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

ஆமை முதல் இரண்டு நாளும் கால் ஊன்றாமல் வந்துவிட்டாள். இன்று இறுதி நாள். காட்டைத் தாண்டினால் கடைசி ஏரி.

“இன்னிக்கு நீ வேன்ல வந்துடு,” என்றார் செயலாளர், யாருக்கும் கேட்காத குரலில் ஆரம்பித்து எல்லாருக்கும் கேட்கிற குரலுக்குப் போய். “மேடு பள்ளம் ஜாஸ்தி. உனக்காக எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. எனக்குத்தான் மானம் போகுது.”

“நிதானமாப் போகத்தானே வந்தோம்?”

“நிதானம் வேற, லேட்டு வேற.”

“அப்படியா? அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாம போச்சே.” அவள் தலைக்கவசத்தின் வாரை இழுத்து மாட்டினாள். “என்னை வேன்ல ஏத்தணும்னா நீங்க தூக்கித்தான் போடணும். இன்னிக்குப் போய்ச் சேர்ந்துட்டேன்னு வைங்க, அப்புறம் வெங்காயத்தை யாரு உரிக்கிறாங்கன்னு நானும் பாக்குறேன்.”

அதற்குள் தலைவர் கிளம்பிவிட்டார். தலைவர் கிளம்பினால் எல்லாரும் கிளம்பியாக வேண்டும். நிதானத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியவர், யாராவது முந்திவிடுவார்களோ என்ற பயத்தில் நாய் துரத்துகிற மாதிரி மிதித்தார். அவரை விடாமல் பிடிக்க மற்றவர்களும் அப்படியே மிதித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கரையில் மிஞ்சியது ஆமையும், அவளுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்த வேனும்தான்.

வேனில் மதியச் சாப்பாடு முழுக்க இருந்தது. அதோடு டிரைவர் இருந்தான். தலைவரின் மனைவியும் இருந்தாள். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து வேன் உறுப்பினர் அந்த அம்மாள். சைக்கிளைத் தொட்டதே கிடையாது. தொடச்சொல்லி யாரும் கேட்டதும் கிடையாது.

“அக்கா, ஏறிக்கிறீங்களா?” என்று டிரைவர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தான். “இந்த ஸ்பீடுல வந்தா எனக்குத் தூக்கம் வருது. தூங்கிட்டா உங்க மேலதான் ஏத்துவேன்.”

“உனக்கு வேற வேலையே இல்லையாடா? முன்னாடி போயேன்.”

“கடைசி ஆளு பின்னாடிதான் வரணும்னு தலைவர் உத்தரவு. கடைசி ஆளு நீங்கதான். நீங்க எங்க போனாலும் நான் வருவேன், சொல்லிட்டேன்.”

“விடுடா அவளை,” என்றாள் தலைவரம்மா, முட்டை உரித்துக்கொண்டே. “நீ மிதிடி தங்கச்சி. காலை மட்டும் கீழ வச்சிடாத. இந்தக் கூடையில இன்னும் எவ்வளவு வெங்காயம் இருக்கு தெரியுமா?”

அதைவிடச் சிறந்த உற்சாக வார்த்தையை அவளுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. மிதித்தாள். இடது பக்கம் ஏரி வெயிலில் தகதகத்துக்கொண்டே கூட வந்தது. ஒரு வாத்துக் கூட்டம் அவளை முந்திப்போயிற்று. வாத்துகளுக்குச் சங்க விதி தெரியாது. மேடு வந்தது. பல்லைக் கடித்து ஏறினாள். நாக்கு வறண்டது, தொடை இரண்டும் தீயாக எரிந்தன. மேட்டின் உச்சியில் சைக்கிள் நின்றுவிடுகிற மாதிரி தள்ளாடியபோது, வேன் ஹாரன் ஆசையோடு ஒரு தடவை ஒலித்தது. ஆமை நிற்கவில்லை.

மேட்டிலிருந்து பாதை சரிந்து இறங்கி, அடிவாரத்தில் இரண்டாகப் பிரிந்தது. இடது பாதை ஏரிக்கரையை ஒட்டி வளைந்து போயிற்று. அதன் ஈர மண்ணில் சங்கத்தின் அத்தனை டயர்த் தடங்களும் பாம்புக் கூட்டம் போன மாதிரி கிடந்தன. வலது பாதை காட்டுக்குள் நுழைந்தது. அதில் ஒரு தடமும் இல்லை.

அவள் வலது பக்கம் போனாள்.

“அக்கா! அக்கா! எல்லாரும் அந்தப் பக்கமில்ல போயிருக்காங்க?”

“பேசாம வாடா!” என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

அந்தக் குரலுக்கு ஒரு தலைமைத் தன்மை வந்துவிட்டது. டிரைவர் வேனை அவள் பின்னாலேயே திருப்பினான். உத்தரவு உத்தரவுதான், கடைசி ஆள் இந்தப் பக்கம்தானே போகிறாள்?

காடு அவளை வாரி அணைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் நெடுநெடுவென்று மரங்கள். உதிர்ந்த இலைகள் மெத்தை போட்டிருந்த மண்பாதை. இறக்கத்துக்கு மேல் இறக்கம். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு மான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, பயப்படத் தேவையில்லை என்று முடிவுசெய்து மறுபடி மேய ஆரம்பித்தது. காற்று முகத்தில் அறைந்தது. கால்சட்டை இறுக்கமில்லாமலே காற்று கிழிபட்டது. கடையில் ஒவ்வொருவர் மூக்கிலும் சட்டத்தை மாட்டி, ‘இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா’ என்று இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு இப்போது தெரிந்தது. மரங்கள் விலக, வானத்தை அப்படியே கவிழ்த்து ஊற்றி வைத்த மாதிரி, கடைசி ஏரி.

கரையில் ஓர் ஆளில்லை. ஒரு சைக்கிளில்லை.

“ஐயோ, முதல் ஆளு நீதான்டி!” என்று தலைவரம்மா வேனிலிருந்து குதித்தே இறங்கினாள். டிரைவர் ஹாரனை அமுக்கிய அமுக்கில் ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. ஆமை அப்போதுதான், சங்க விதிப்படி, காலைத் தரையில் வைத்தாள்.

முழு உறுப்பினர்கள் சாப்பிடுவார்கள். அவள் சாப்பிட்டாள். ரொட்டி, முட்டை, வேறு யாரோ உரித்த வெங்காயம். தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு சாப்பிட்டாள். காட்டுக்குள் யாருடைய போனும் வேலை செய்யவில்லை என்பதால் நிம்மதியாகவும் சாப்பிட்டாள்.

வெயில் சாய்ந்த பிறகுதான், வேனின் டயர்த் தடத்தைப் பிடித்துக்கொண்டு சங்கம் வந்தது. முகம் தொங்கிப்போய், வயிறு ஒட்டிப்போய், வரிசை மட்டும் கலையாமல் வந்தார்கள். செயலாளர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நேராக முட்டைப் பாத்திரத்துக்குத்தான் போனார். நாலாவது முட்டைக்கு அப்புறம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“நீ எப்படி இங்க?”

“சைக்கிள்ல. நீங்க எல்லாம் எங்க போனீங்க?”

செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். தலைவரின் போனில் வழி சொல்லும் குரல் ஒன்று உண்டு. தனக்கு யாரோ உத்தரவு போடுவது தலைவருக்குப் பிடிக்காது என்பதால் அதன் வாயை அடைத்துவைத்திருந்தார். இடது பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். அந்தப் பாதை அதே ஏரியை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, காலையில் கிளம்பிய இடத்துக்கே கொண்டுபோய் விட்டது. தலைவர் இறங்கி, ‘நண்பர்களே, இதோ நம் கடைசி ஏரி’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

“உங்களுக்கெல்லாம் தெரியலையா?”

“தெரியாம என்ன? காலையில நான் போட்ட வாழைப்பழத் தோலு என் காலடியிலயே கிடக்குது.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“தலைவர் பேசும்போது எப்படி...” செயலாளர் ஐந்தாவது முட்டையை எடுத்தார். “கைதட்டினோம்.”

தலைவரம்மா சிரித்த சிரிப்பில் வேன் குலுங்கியது. தலைவர் காதில் விழாதவர் மாதிரி தொண்டையைச் செருமினார். “நண்பர்களே, எனது போதனைகளைச் சரியாக உள்வாங்கிய ஒருவர், மிக நிதானமாக வந்து, மிக முன்னதாகச் சேர்ந்திருக்கிறார். இது தத்துவத்தின் வெற்றி...”

“இது அவ வெற்றிங்க,” என்றாள் தலைவரம்மா. “உங்க தத்துவம் வாழைப்பழத் தோலுகிட்ட நின்னுச்சு.”

முதலில் டிரைவர் கைதட்டினான். பிறகு சங்கமே தட்டியது. இந்தத் தடவை உண்மையாகவே. இரண்டு பேர் அவளைத் தோளில் தூக்கப் பார்த்து, பசியில் முடியாமல் விட்டுவிட்டார்கள். முழு உறுப்பினர் என்று அங்கேயே அறிவித்தார்கள். அது போதாது, அடுத்த வருஷம் முன்னால் போகவேண்டியது அவள்தான் என்றான் ஒருவன். ஆமாம் ஆமாம் என்றார்கள். தலைவரால் மறுக்க முடியவில்லை; அவருடைய வாய் நிறைய ரொட்டி. காலையில் கிளம்பிய கரையிலேயே கால் தரையில் ஊன்றி நின்று பேச்சுக் கேட்டதற்காக, விதிப்படி எல்லாருமே வேன் உறுப்பினர்கள் ஆகிவிட்டார்கள் என்று தலைவரம்மா சுட்டிக்காட்டினாள். வெங்காயக் கூடை செயலாளரின் மடிக்கு வந்தது. அவர் கண் கலங்கியபடி உரிக்க ஆரம்பித்தார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு,” என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “அத்தனை பேரோட தடமும் இடது பக்கம் கிடந்திருக்கும். நீ மட்டும் எப்படி வலது பக்கம் வந்த?”

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் ஏரியை ஒரு தடவை, காட்டை ஒரு தடவை பார்த்தாள். ‘இதுதான் உங்களுக்குச் சரியான பவர்’ என்று கடையில் சொல்வாளே, மறுபேச்சுக்கு இடமில்லாத அந்தக் குரலில் சொன்னாள்:

“காட்டோட போக்கைப் பார்த்தாலே தெரியாதா?”

கூட்டம் பெருமூச்சு விட்டது. தலைவர்கூடத் தலையாட்டினார்.

அவளுக்குச் சைக்கிளை வலது பக்கம் திருப்ப மட்டும்தான் தெரியும்.