முனகினால் கிளம்பும் கார்

மாதத்தில் ஒரு மாலை, நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் நான் பேசுவேன். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். வந்து கேட்பது அவர்களுடைய தண்டனையில் ஒரு பகுதி. என் மனைவி கொரினை ஒருவன் எப்படி மோதிக் கொன்றான் என்று சொல்வேன். அவனும் இப்படியொரு கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டவன்தான் என்பதை மட்டும் சொல்வதில்லை. கூட்டம் நடத்தும் அம்மாள் அதை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்.

இந்த ஜனவரியில் கடைசி வரிசையில் ஆர்லன் இருந்தான். கொரினின் அண்ணன். அவள் போன பிறகு இரண்டு முறை பிடிபட்டவன். நான் பேசி முடிக்கும் வரை தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தன் காருக்குள் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினான். பிராந்தி வாசனை.

"மாப்ள, கொஞ்சம் ஊதி விடேன்."

ஸ்டியரிங் பக்கத்தில் நீதிமன்றம் மாட்டச் சொன்ன கருவி தொங்கியது. மூச்சில் மது இருந்தால் கார் கிளம்பாது.

"குடிச்சிட்டா வந்த?"

"வர்றப்ப சுத்தமாத்தான் ஊதினேன். இங்க வந்து உக்காந்துதான் குடிச்சேன். அதைக் குடிக்காமக் கேக்க முடியுமா, நீயே சொல்லு."

"நான் ஊதி நீ ஓட்டினா ரெண்டு பேரும் உள்ள போவோம்."

"ஒரே அறையாக் கேட்டு வாங்கிக்கலாம்."

"தள்ளி உக்காரு, மச்சான். நான் ஓட்டுறேன்."

ஊதினேன். கருவி கத்தியது.

"சும்மா ஊதினா எடுக்காது. ஹ்ம்ம்னு முனகிக்கிட்டே ஊதணும். பாத்திரம் கழுவுறப்ப கொரின் முனகுவாளே, அந்த மாதிரி."

அவளுடைய மெட்டு எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஏதோ ஒன்றை முனகினேன். கார் கிளம்பியது.

ஏரிச் சாலையில் கருவி மறுபடியும் மூச்சுக் கேட்டது. ஊதினேன். ஆர்லனும் சேர்ந்து முனகினான். அதுதான் அவளுடைய மெட்டு.

"அந்தப் பக்கம் திரும்பிக்க. உன் மூச்சையும் சேத்து எடுத்துரப் போகுது."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முனகலை நிறுத்தவில்லை.

அவன் வீட்டு முன்னால் இறங்கினோம்.

"நல்லாத்தான் பேசுற. பாதிப் பேரு அழுதானுங்க."

"நீ?"

"நான் தினம் அழறவன். என்னைக் கணக்குல சேக்காத."

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவன் அப்பாவின் பழைய டிரக். சற்று முன்தான் வெளியே போய் வந்ததுபோல் அதன் கூரையில் இன்னும் உருகாத பனி இருந்தது.

"அதுல கருவி இல்லையே, மச்சான்."

"அது அப்பா பேர்ல இருக்கு. கோர்ட்டுல என் காரைத்தான் கேட்டாங்க."

"அந்தச் சாவியையும் கொடு."

சட்டைப் பைக்குள் கையை விட்டான். வெளியே எடுக்கவில்லை. கூட்டத்தில் பேசுவதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதில் ஒரு வரி கூட வாயில் வரவில்லை.

"அவளைக் கொன்னவனும் இந்த மாதிரி ஒரு கூட்டத்துல உக்காந்து கேட்டவன்தான்" என்றேன்.

"தெரியும்" என்றான். "கேட்டுட்டு அவனும் அழுதிருப்பான்."

கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு படியேறி உள்ளே போனான். விளக்கு எரிந்தது. நான் பனியில் நின்றேன். குடித்தவனுக்குக் கிளம்பாத காரின் சாவி என் கையில் இருந்தது.