ஜோசபின் கிட்டாரை மின்சாரத்தில் செருகிய பிறகு

1974ஆம் ஆண்டு ஆகஸ்டில், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் ஜோசபின் லாசரஸ் முதன்முறையாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துப் பாடினாள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அங்கே உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாருக்கும் தலைமுடி தோள்வரை வளர்ந்துவிட்டது. அந்த வாரம் சீனி விலையும் சற்று ஏறியிருந்தது. முடி வளர்ந்தபோது வலி எதுவும் இல்லை, கழுத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது என்று பலர் சொன்னார்கள். பெண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேடையில் டிரம்ஸ் அடித்த அஹமது கபீருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாசிப்பவர்களை அது தொடுவதில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஆண்கள் முடி வளர்க்கக் கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்த காலம் அது. நீண்ட முடியோடு வருபவர்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அலுவலகச் சுவர்களில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். மறுநாள் ஞாயிறு முழுக்க நெய்னா முகம்மதுவின் முடிவெட்டும் கடை வாசலில் வரிசை நின்றது. அவர் கத்தரி சூடாகிவிட்டது என்று சொல்லிச் சாயங்காலம் கதவைச் சாத்தினார். வரிசையில் மிஞ்சியவர்களில் ஒருவர் அஞ்சலக எழுத்தர் வடிவேலு. மறுநாள் காலை அவர் தோளில் புரளும் முடியோடு தபால்தலை விற்கும் முகப்பில் உட்கார்ந்தார். அந்தப் படம் அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. தபால்தலை வாங்க வந்தவர்களுக்கு, அவரைக் கடைசியாகக் கவனிப்பதா, அவர் தங்களைக் கடைசியாகக் கவனிப்பாரா என்று விளங்கவில்லை. பாதிப் பேர் வாங்காமலே திரும்பினார்கள்.

ஜோசபின் செம்பவாங்கில் வளர்ந்தவள். அப்பா லாசரஸ் அங்கே கப்பல் பட்டறையில் வெல்டர். பகலில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தாள். மாலையில் தானே பாட்டு எழுதி, மரக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, பங்குக் கோவில் கூடத்திலும் வாசகசாலையிலும் பாடினாள். தவறவிட்ட கடைசிப் பேருந்து, மாடியில் காயும் சீருடை, தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டு வைக்க மனமில்லாமல் பேசிக்கொண்டே இருக்கும் கிழவர், இவையெல்லாம் அந்தப் பாட்டுகளில் வந்தன. எந்தக் கம்பெனியும் அவளைப் பதிவு செய்யவில்லை. நண்பர்கள் கேசட்டில் பிடித்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள்.

அவளை ஊருக்குத் தெரியவைத்தவர் அற்புதராஜ். அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். ‘கடல்முனை’ வார இதழில் இசை விமர்சனம் எழுதினார். ஜோசபின் பாடுவது, சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் தனக்குத்தானே பேசிக்கொள்வது போலிருக்கிறது என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டுத்தான் ஜனங்கள் அவளைக் கேட்கப் போனார்கள். இருபத்தைந்து வயதிலேயே அவருக்கு உச்சந்தலை வழுக்கை. மனைவி அல்போன்சம்மாள் அவரை முடியோடு பார்த்ததே இல்லை.

அன்றைக்கு மண்டபத்திலிருந்து தோள்வரை கறுத்த முடியோடு அவர் வீட்டுக்கு வந்தபோது, கூடவே உட்கார்ந்து பார்த்தவள்தான் என்றாலும், அல்போன்சம்மாளுக்குக் கூச்சமாக இருந்தது. விருந்தாளிக்கு வைப்பதுபோல் நல்ல தட்டை எடுத்து வைத்தாள்.

“உங்க குரல் மட்டும்தான் எனக்குத் தெரியுது. பேசிக்கிட்டே சாப்பிடுங்க” என்றாள்.

அவர் சாப்பிட்டு முடித்தார். மறுநாள் விமர்சனம் எழுத உட்கார்ந்தார். ஜோசபின் தன் குரலைக் கம்பிச் சத்தத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டாள் என்றும், பக்கத்து வீட்டுக்காரர் இப்போது சுவரை இடிக்கிறார் என்றும் எழுதினார். தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டபடி முடியை வெட்டிக்கொண்டு பள்ளிக்கும் போனார். இதழ் வெளிவந்ததும், முடியையும் வாங்கிக்கொண்டு திட்டவும் செய்கிறார் என்று ஊர் பேசியது. மற்றவர்களுக்கு வெட்டிய முடி வழக்கம்போல் வளர்ந்துகொண்டிருக்க, அவருக்கு மட்டும் சில வாரங்களில் அத்தனையும் உதிர்ந்து பழைய வழுக்கையே திரும்பியது.

அடுத்த கச்சேரிக்கும் அவர் போனார். முடி வளர்ந்தது. இந்த முறை, முன்பு தான் கேட்டது பழக்கத்தின் காதால் என்றும், இந்த இரைச்சலுக்கு நடுவில் அந்தக் குரல் இன்னும் தனியாகத் தெரிகிறது என்றும் பாராட்டி எழுதினார். முடிக்காக எழுதுகிறார் என்றார்கள். மூன்றாவது முறை நல்லதும் கெட்டதும் கலந்து எழுதினார். பாதி முடிதான் வளர்ந்திருக்கும் போல என்றார்கள். மாணவர் இதழ் ஒன்றில் இராமசாமி என்ற இளைஞர் இது தலைகளின் விடுதலை என்று பக்கம் பக்கமாக எழுதினார். அதில் பாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அற்புதராஜ் நேர்மையான மனிதர். தான் விரும்புவது பாட்டையா முடியையா என்று கண்டுபிடிக்கப் பார்த்தார். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்; அப்போதும் வளர்ந்தது. கேசட் வாங்கி வீட்டில் போட்டுக் கேட்டார். கேசட்டுக்கு முடி வளர்வதில்லை என்பது ஊரறிந்தது. ஆனால் பாட்டு தொடங்கியதும் அவர் கை தானாகத் தலைக்குப் போனது. பாட்டு முடியும்வரை கை அங்கேயே இருந்தது. என்ன கேட்டோம் என்று யோசித்தால் உள்ளங்கைச் சூடுதான் நினைவுக்கு வந்தது.

இதற்கிடையில் ஜோசபினுக்கு மண்டபங்கள் மறுக்கப்பட்டன. பங்குச் சாமியார் கோவில் கூடத்தைத் தர முடியாததற்காக வருத்தப்பட்டார். பட்டறையில் லாசரஸின் நண்பர்கள் இருவர், தலைக்கவசம் ஏறவில்லை என்று ஒரு நாள் வேலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். லாசரஸ் மகளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். வந்தவர்களிடம் பாட்டு எப்படி இருந்தது என்று அவள் கேட்டால், ஆண்கள் தலையைத் தடவிக்கொண்டார்கள்.

அற்புதராஜ் குடும்பம் பூன் லேயில் புது அடுக்குமாடிக்குக் குடிபோன வருஷம், ஒரு ஞாயிறு பூசை முடிந்து ஜோசபின் அங்கே வந்தாள். அல்போன்சம்மாள் மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

“அக்கா, பொம்பளைங்களுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே. நீங்களாவது சொல்லுங்க. பாட்டு எப்படி இருந்துச்சு?”

“பாட்டை எங்க கேட்டோம்? எல்லாரும் பக்கத்துல உக்காந்திருந்த புருஷனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்” என்றாள் அல்போன்சம்மாள்.

ஜோசபின் சிரிக்கவில்லை. அற்புதராஜ் பக்கம் திரும்பினாள்.

“சார், நான் பட்டறைக்குப் பக்கத்துல வளர்ந்தவ. பொறந்ததுலேர்ந்து சுத்தியல் சத்தம். மெதுவா பாடினப்ப எல்லாம் யாரோ வீட்டுப் பிள்ளை மாதிரி நடிக்கிறேனோன்னு இருக்கும். அதான் மாத்தினேன். இப்ப அதுவும் சரியான்னு தெரியல. பழையபடி போயிடவா? நீங்க போன்னு சொன்னா போயிடறேன்.”

அப்போது அவர் தலையில் முடி இல்லை. கடைசிக் கச்சேரி நடந்து பல மாதம் ஆகியிருந்தது.

“எனக்குத் தெரியலம்மா” என்றார். “நல்லா இருக்குன்னு எழுதினேன், நல்லா இல்லேன்னும் எழுதினேன். ரெண்டையும் எழுதறப்ப நிஜமாத்தான் எழுதினேன். எது என் காது, எது என் தலைன்னு பிரிக்க முடியல. உன்னைப் போன்னு சொல்லவும் தெரியல, இருன்னு சொல்லவும் தெரியல.”

அவள் மைலோவைக் குடித்து முடித்தாள்.

“பரவால்ல சார். வேற யாரும் இவ்வளவு யோசிச்சதில்ல” என்றாள். கிளம்பும்போது, அடுத்த மாதம் ஒரு கிடங்கில் இடம் கிடைத்திருப்பதாகவும் வந்துவிடும்படியும் சொன்னாள்.

போனார். அந்த வாரம் ‘கடல்முனை’யில் அவர் பகுதியில் ‘எனக்குத் தெரியவில்லை’ என்ற ஒரே வரிதான் வந்தது. மீதியிருந்த இடத்தில் ஆசிரியர் தலைமுடித் தைல விளம்பரம் ஒன்றைப் போட்டார். அதன்பின் அற்புதராஜ் விமர்சனம் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். கச்சேரிக்குப் போவதை நிறுத்தவில்லை.

ஜோசபின் திரும்பவும் மரக் கிட்டாருக்குப் போகவில்லை. நெய்னா முகம்மது கச்சேரி நடக்கும் இடத்தின் பின்வாசலில் நாற்காலிகள் போட்டார். வேலைக்குப் போகிறவர்கள் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இடம் கொடுத்தவர்கள் கூட்டிப் பெருக்கும் கூலியையும் வாடகையிலேயே சேர்த்தார்கள். ஒருமுறை லாசரஸும் வந்தார், கடைசி வரிசையில் நின்றார், நரைத்த முடியை அவரும் வெட்டிக்கொண்டார், பாட்டைப் பற்றிக் கேட்டதற்குப் பட்டறையில் இதைவிடச் சத்தம் என்றார். அது பாராட்டா என்று ஜோசபினுக்குப் புரியவில்லை. எண்பதுகளில் அலுவலகச் சுவர்களிலிருந்து அந்தப் படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நெய்னா முகம்மது நாற்காலிகளை மடக்கி எடுத்துக்கொண்டு கடைக்கே திரும்பினார். இளைஞர்கள் வளர்ந்த முடியை அப்படியே ரப்பர் வளையத்தில் கட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

1986இல், அற்புதராஜ் ஓய்வு பெற்ற வருஷம், ஜோசபின் விக்டோரியா தெருப் பக்கம் பாடினாள். கச்சேரி முடிந்து பூன் லேக்குப் போகும் பேருந்தில் கணவனும் மனைவியும் பின்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். அல்போன்சம்மாள் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து அவர் முடியைச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

“மூணாவது பாட்டுல டிரம்ஸ் ஜாஸ்தி லா” என்றாள்.

“ஆமா. ஆனா கடைசி அடியில நிறுத்திட்டான், கவனிச்சியா?”

“கவனிச்சேன். தலையை ஆட்டாதீங்க.”