‘இக்னோர்’ என்றால்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவை ஆலையில் அவன் மாடியில் குமாஸ்தா. அவன் அக்கா கீழே, அழுக்கு மூட்டைகளைப் பிரிக்கும் கூடத்தில். வேலையை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அவ்வப்போது அதைச் சொல்லிக்காட்டவும் செய்வான்.

விரிப்புக்குள் ஊசி கிடந்தால் ஒரு சீட்டு எழுதி மேலே அனுப்ப வேண்டும். அக்கா ஒன்று விடாமல் அனுப்புவாள். சீட்டைக் கணினியில் ஏற்றினால் திரையில் இரண்டே பொத்தான்கள்: ‘ஆக்‌ஷன்’, ‘இக்னோர்’. முதலாவதை அழுத்தினால் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போக வேண்டும், மேனேஜரின் முகம் கோணும். ரத்தம் வந்தால் மட்டும் ஆக்‌ஷன் என்பது அவர் வாய்வார்த்தையாகச் சொன்ன சட்டம். அவனும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதையே தட்டி வந்தான். அக்காவின் பதினேழு சீட்டுக்கும் அதே கதி.

இந்த மாதம் தலைமை அலுவலகம் யார் சீட்டுக்கு என்ன முடிவு என்ற பட்டியலைக் கீழே பலகையில் ஒட்டச் சொன்னது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அவனைப் பிடித்தாள்.

“ஏன்டா, என் பேருக்கு நேரா வரிசையா ஒரே வார்த்தை நிக்குதே, என்னது அது?”

“இக்னோர்க்கா. பார்த்தாச்சுன்னு அர்த்தம்.”

“பதினேழையும் பார்த்துட்டியா?”

“ம்.” நாக்கு கூசவில்லை. பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினான்.

என் தம்பி ஒன்று விடாமல் பார்க்கிறான் என்று அவள் கூடத்தில் பெருமை பேசுவது அவன் காதுக்கு எட்டியது. திருத்திச் சொல்லப் பலமுறை படியிறங்கிப் பாதியிலேயே திரும்பினான்.

வியாழக்கிழமை பதினெட்டாவது சீட்டு வந்தது. ஓரத்தில் ரத்தம்.

அவன் ஓடினான். அக்கா கட்டைவிரலைக் குழாயடியில் காட்டிக்கொண்டு நின்றாள்.

“வாங்க சார். இதையும் பார்த்தாச்சா?” என்றாள் பக்கத்து மேசைக்காரி. அவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள்.

“சும்மா இருடி. அவன் பார்ப்பான்,” என்றாள் அக்கா.

அதை அவனால் தாங்க முடியவில்லை. “அக்கா, நான் சொன்னது பொய். கண்டுக்காம விட்டுட்டேன்னுதான் அர்த்தம்.”

அவள் குழாயை மூடினாள். “தெரியும்டா. ஒட்டின அன்னிக்கே நெட்டை சொல்லிட்டா.”

“அப்புறம் ஏன் என்கிட்ட கேட்டே?”

“நீ என்ன சொல்றேன்னு பார்க்கத்தான்.”

“இவங்ககிட்ட எல்லாம் பெருமையா...”

“வேற என்னத்தைச் சொல்ல? கூடப்பிறந்தவனே கண்டுக்கலைன்னா? எனக்குல்ல அசிங்கம்!”

“ரத்த டெஸ்ட் எடுக்கணும், வாக்கா. போலாம்.”

“நெட்டை வர்றா. நீ மேல போய் உன் வேலையைப் பாரு.”

அவன் மேலே போய் ‘ஆக்‌ஷன்’ பொத்தானை முதல்முறையாக அழுத்தினான். முந்தைய புகார்கள் எத்தனை என்று திரை கேட்டது. பதினேழு என்று அடித்தான். ஏன் நடவடிக்கை இல்லை என்று கேட்டது. மேனேஜர் பேரைப் போடலாம், பொய்யும் அல்ல. ‘குமாஸ்தா கண்டுகொள்ளவில்லை’ என்று அடித்து அனுப்பினான்.

ஜன்னலுக்குக் கீழே அக்கா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நெட்டையோடு வண்டிக்குக் காத்து நின்றாள். அவன் எட்டிப் பார்த்தான். அவள் நிமிரவில்லை.