இரண்டு குடை தூரம்

முடிதிருத்தும் கடை வாசலில் பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். தெருப் பிள்ளைகள் எல்லாரும் காலையில் அங்கே கூடி, பெரியவள் முன்னால் நடக்க, வரிசையாகப் பள்ளிக்கூடம் போவது அந்தத் துறைமுக ஊரின் வழக்கம். கொரோனா வந்த பிறகு வழக்கத்தில் குடையும் சேர்ந்துகொண்டது. ஆறாம் வகுப்பு வக்கானா மடக்கிய குடையைத் தரையில் கிடத்தி, ஒவ்வொரு பிள்ளைக்கும் நடுவே அளந்து நிறுத்துவாள். மழை வருகிறதோ இல்லையோ, எல்லார் கையிலும் குடை இருந்தது.

மியோ ஒன்றாம் வகுப்பு. சின்னப் பிள்ளை தலைவிக்கு அடுத்தபடியாக நடக்க வேண்டும் என்பதால் வக்கானாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். முகக்கவசம் கண்வரைக்கும் ஏறியிருந்தது.

"அம்மா, திங்கக்கிழமை நீதானே கொடி?"

"நான்தான். எத்தனை தடவை கேப்ப, போ."

அம்மா சனாயே கையசைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கொரோனா வார்டிலிருந்து விரிப்புகள் கட்டிய பையில் வரும். பையைத் திறக்கக் கூடாது. அப்படியே எந்திரத்துக்குள் தள்ளினால் சுடுதண்ணீரில் பை கரைந்துவிடும். சாயங்காலம் அங்கேயே குளித்து, உடை மாற்றி, தலையைத் துவட்டிக்கொண்டுதான் வெளியே வருவாள். பிப்ரவரிக் குளிரில் ஈரத்தலையோடு வருகிறவளைப் பார்த்து மியோ தினமும் சிரிப்பாள்.

கப்பல் கட்டும் தளத்துச் சாலையில் இரும்புத் தகடு ஏற்றிய லாரிகள் விடிந்ததிலிருந்து ஓடும். அங்கே வீட்டுக்கு ஒரு வாரம் முறைவைத்து, பெற்றவர்களில் ஒருவர் மஞ்சள் கொடி பிடித்துப் பிள்ளைகளைக் கடக்க விடுவார்கள். முறை முடிந்தவர் கொடியை அடுத்த வீட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். மியோ பள்ளியில் சேர்ந்த பிறகு சனாயேயின் முறை இப்போதுதான் வருகிறது. சனிக்கிழமை முழுக்க அடுக்களையில் ஒத்திகை நடந்தது. சோற்றுக் கரண்டிதான் கொடி.

"ஆட்டாதம்மா. இது என்ன சூப்பா, கலக்கறதுக்கு? நேராப் பிடி."

"சரிங்க டீச்சர்."

"சிரிக்கக் கூடாது. லாரிக்காரர் பாத்தா பயப்படணும்."

ஞாயிறு மதியத்திலிருந்து மியோ கதவைத் திறந்து திறந்து பார்த்தாள். கைப்பிடியில் ஒன்றும் இல்லை. பொழுது சாயும்போது வக்கானாவின் அம்மா வந்தாள். கொடி முறையெல்லாம் அவள் பொறுப்பு. மாடிப்படி ஏறாமல் கீழேயே நின்று பேசினாள்.

"மியோ அம்மா, ஆஸ்பத்திரியில உங்களுக்கு எவ்வளவு வேலை, பாவம். இந்தத் தடவை கொடியை நான் பாத்துக்கறேன். நீங்க ஓய்வெடுங்க."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"இதுல என்ன சிரமம்? எல்லாருமாப் பேசித்தான் சொல்றோம்."

சனாயேக்குக் கண் கலங்கிவிட்டது. கணவன் சரக்குக் கப்பலில் இருந்தான், வந்தால்தான் உண்டு. அந்தத் தெருவில் இப்படி ஒரு வார்த்தை அவளிடம் யாரும் சொன்னதில்லை. முகம் கோணிய மியோவைச் சமாதானப்படுத்திவிட்டு, ஊரிலிருந்து தம்பி அனுப்பிய பெட்டியில் நல்ல ஆரஞ்சுகளாகப் பொறுக்கிப் பையில் கட்டினாள். வக்கானா வீட்டுக் கைப்பிடியில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக் கைப்பிடியில் ஒரு பை தொங்கியது.

"ஆரஞ்சு வந்திருக்கும்மா," என்று மியோ தூக்க முடியாமல் தூக்கினாள்.

யாரோ அன்பாகக் கொடுத்ததாக்கும் என்றுதான் சனாயே முதலில் நினைத்தாள். பிறகு முடிச்சைப் பார்த்தாள். சலவைக்கூடத்தில் போடுகிற இரட்டை முடிச்சு. அவள் போட்டது, யாரும் அவிழ்க்கவில்லை. சனாயே செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இன்னைக்கு எனக்கு மட்டும் ரெண்டு குடை," என்றாள் மியோ.

"என்னது?"

"மத்தவங்களுக்கெல்லாம் ஒரு குடைதான். எனக்கு ரெண்டு. வக்கானா அக்கா என்னைக் கடைசியில நிக்கச் சொன்னாங்க. உங்க அம்மா ஆஸ்பத்திரியில வேலை பாக்கறாங்கல்ல, அதனாலன்னாங்க."

அவள் குரலில் பெருமைதான் இருந்தது.

"ரோட்டைத் தாண்டறப்போ?"

"நான் வர்றதுக்குள்ள கொடி இறங்கிடுச்சு. கையைத் தூக்கிட்டு நின்னேன். நல்ல லாரி வந்து நின்னுச்சு."

சனாயே மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புத்தகப்பை முதுகோடு சேர்ந்து வந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தாள். விட்டால் வாடகைக்கு எங்கே போவது? மியோ மடியிலிருந்தபடியே முடிச்சை அவிழ்த்து, ஒரு ஆரஞ்சை உரித்து, பாதியை அம்மாவின் வாயில் திணித்தாள். நல்ல இனிப்பு.

செவ்வாய்க்கிழமை, வர நேரமாகும் என்று சலவைக்கூடத்துக்குச் சொல்லிவிட்டு, சனாயே கப்பல் தளத்துச் சாலையோரம் போய் நின்றாள். வரிசை வந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து வக்கானாவின் அம்மா கொடியை நீட்டினாள், லாரிகள் நின்றன. மற்ற ஐந்து பிள்ளைகளும் கடந்தார்கள். மியோ அளவு தப்பாமல் பின்னால் வந்துகொண்டிருந்தாள். ஒரு லாரி ஹாரன் அடித்தது. வக்கானாவின் அம்மா மியோவைப் பார்த்தாள், லாரியைப் பார்த்தாள். "கொஞ்சம் இரு கண்ணு," என்று சொல்லிக் கொடியை இறக்கினாள்.

மியோ விளிம்பில் நின்று கையைத் தூக்கினாள். ஒரு லாரி போனது. அடுத்ததும் போனது. காற்றில் தொப்பி எழும்பியது. அதை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மற்றக் கையைத் தூக்கியபடியே நின்றாள்.

சனாயே மகளைத் தாண்டிச் சாலையில் இறங்கி, இரண்டு கையையும் விரித்து நின்றாள். லாரி முனகிக்கொண்டு அவளுக்கு எதிரே நின்றது.

"மியோ அம்மா, உங்களை ஓய்வெடுக்கச் சொன்னோமே," என்றாள் வக்கானாவின் அம்மா. முகக்கவசத்துக்கு மேலே அவள் நெற்றி சிவந்திருந்தது.

"நேத்து எடுத்தாச்சுங்க," என்றாள் சனாயே. கையை இறக்கவில்லை.

மியோ ஓடவில்லை. அம்மா என்று கூப்பிடவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி கையைத் தூக்கி நடந்து அக்கரை சேர்ந்தாள். திரும்பி லாரிக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்து, கொடி பிடிக்கிற எல்லாருக்கும் குனிவது போலவே இடுப்புவரை குனிந்தாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள். நிமிர்ந்தபோது கண் சிரித்தது. "நேராப் பிடிச்சிருக்கம்மா," என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்.

வரிசை அவளுக்காக நின்றிருந்தது. மியோ கடைசிப் பிள்ளையின் குதிகாலிலிருந்து தன் குட்டிக் குடையைத் தரையில் கிடத்தினாள். முனை எட்டிய இடத்தில் விரலை வைத்து, குடையை எடுத்து, அங்கிருந்து இன்னொரு முறை கிடத்தினாள். அதற்குப் பின்னால் போய்க் காலைச் சேர்த்து நின்றுகொண்டு, "நான் ரெடி," என்றாள்.