சாப்பாட்டு ஷிப்ட்

என் மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டின் கூரையில் ஒரு சதுரக் கதவு இருக்கும். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் அதன் வழியாக மேலே ஏறித்தான் கோளாறைப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் அதில் அணில் மாதிரி போய்வருவார் என்று கேள்வி. நான் பார்த்ததில்லை. எங்களோடு வந்து தங்க ஆரம்பித்த காலத்தில் அவர் எங்கள் வீட்டுக் குளியலறைக்குள்ளேயே பக்கவாட்டில்தான் நுழைந்தார்.

போன கோடையில் ஒரு நாள் அந்தச் சதுரத்துக்குள் அவர் தலையும் கைகளும் மட்டும் போயின. மீதி உடம்பு வரமாட்டேன் என்றுவிட்டது. இழுத்து இறக்கிய பிறகு சூப்பர்வைசர் சொன்னாராம்:

"ஒரு மாசம் டைம் தர்றேன். இதே லிஃப்ட், இதே ஓட்டை. நுழைஞ்சா நீ மெக்கானிக். நுழையலைன்னா வீட்ல போய் உக்காரு."

வீடு என்றால் என் வீடு. கூடத்தில் இருப்பது ஒரே ஒரு சோபா. அதில் எனக்கு ஏற்கெனவே ஓர் ஓரம்தான் மிச்சம். ஆகவே மாப்பிள்ளை இளைக்க வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் தவித்தேன்.

அவருக்கு வழி காட்டியவன் செல்போனுக்குள் இருந்தான். சட்டை போடாதவன். பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போடு, மீதி எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுக்கொள் என்பதுதான் சங்கதி. இதைச் சொல்ல அவன் அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசினான்.

"பசி எடுத்தா உடம்பு தன் கொழுப்பத் தானே தின்னுக்குமாம் மாமா."

"உங்க உடம்புக்கா? பேரன் காலம் வரைக்கும் தாங்குமே மாப்ளே."

"நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திட்டத்தில் ஒரு பழுதும் இல்லை. பழுது மாப்பிள்ளையின் தொழில் பழக்கத்தில் இருந்தது. மீசை முளைத்த நாளிலிருந்து ஷிப்ட் வேலை பார்த்தவர். எட்டு மணி நேரம் என்று காதில் விழுந்தால் அவருக்கு அது ஒரு ஷிப்ட். ஷிப்டில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பவனை அவருக்கு அறவே பிடிக்காது. நண்பகலில் உட்கார்ந்தாரானால் இரவு எட்டு மணிவரை வாய் ஓயாது. வேலைக்குப் போனாலும் கருவிப் பையில் பாதி இடம் ரொட்டிக்கு. நடுவில் கொஞ்ச நேரம் இடைவேளை விடுவார். இடைவேளையில் டீயும் பிஸ்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே தட்டோடு உட்கார்ந்துவிட்டார். என் மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னங்க இது, உங்களுக்கு இன்னும் நேரமே ஆகலையே?"

"செவ்வாக்கிழமை ஒரு லிஃப்ட் மாட்டிக்கிச்சுல்ல? சாப்பாட்டு நேரத்துல பாதி அதுலயே போச்சு. அதுக்கு ஈடா இது காம்ப் ஆஃப்."

"அப்பா, கேட்டீங்களா இந்தக் கூத்தை?"

"கேட்டேம்மா. லீவு நாள்ல வேலை செஞ்சா ரெட்டைச் சம்பளமாச்சே. அப்ப ரெட்டைச் சாப்பாடு உண்டான்னு உன் வீட்டுக்காரரக் கேளு."

கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இன்னொரு தட்டு எடுத்துவரச் சொன்னார்.

எடை பார்க்கும் மெஷினில் வாரம் ஒருமுறை ஏறி நிற்பார். முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி தொடக்கத்துக்கு வந்து, சின்ன எண்ணில் நிற்கும். "இறங்குது மாமா!" என்பார். பிள்ளை பெற்ற தகப்பன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

பரீட்சை நாளில் என்னையும் கூட்டிப்போனார். ஜெயிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்டை இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிறுத்தினார்கள். மேல்மாடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சூப்பர்வைசர் நின்றார். கூட வேலை செய்யும் 'ஊசி' கீழே முக்காலியைப் பிடித்துக்கொண்டான். அவன் உடம்புக்கு அந்தப் பட்டப்பெயரே கொஞ்சம் தடிப்பு.

மாப்பிள்ளை ஏறினார். தலை போயிற்று. தோளும் மார்பும் போயின. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அப்புறம் வயிறு வந்தது. அத்தோடு எல்லாம் நின்றது. மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. மேல்மாடிக்காரர்களுக்கு அவர் மார்பளவுச் சிலை. லிஃப்டுக்குள் நானும் ஊசியும் இரண்டு கால்களும்.

தள்ளினோம். இழுத்தார்கள். யாரோ சமையல் எண்ணெய் கொண்டுவந்து ஊற்ற, அது என் தலையில்தான் வடிந்தது. அந்த நேரம் பார்த்து அவர் செல்போன் மணி அடித்தது.

"மாமா! பன்னெண்டு ஆயிடுச்சு. ஷிப்ட் ஆரம்பம்."

"யோவ், இப்பத் தின்னா எப்படிய்யா வெளிய வருவ?" என்று சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், இன்னைக்கு விட்டா இத்தனை நாள் கட்டுப்பாடும் வீணாப்போயிடும் சார்!"

குடியிருப்பவர்கள் இளகிய மனசுக்காரர்கள். முதலில் வாழைப்பழம் வந்தது. பிறகு ஆம்லெட், கேக், யார் வீட்டிலோ பிறந்தநாளுக்கு வாங்கியது, முழுசாக. மேலே ஒவ்வொரு வாய் உள்ளே போகும்போதும் கீழே கூரை முனகுவது எனக்குக் கேட்டது. சாயங்காலம் பெல்ட் அறுந்து பறந்தது. பொத்தான் பலகையில் போய் மோதியதில் எல்லா மாடிக்கும் விளக்கு எரிந்தது.

"மாப்ளே, போதும். வேலை போயிடும்."

"பதட்டப்படாதீங்க மாமா, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

கடைசியில் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். சுற்றுச் சட்டத்தை மெஷின் வைத்து அறுத்து, ஓட்டையை அகலப்படுத்தினார்கள். ஒரு பசுமாடு கன்றோடு நுழையலாம், அவ்வளவு இடம். மாப்பிள்ளை வெண்ணெயில் கத்தி மாதிரி மேலே போய், சூப்பர்வைசர் முன்னால் நிமிர்ந்து நின்று, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நுழைஞ்சுட்டேன் சார். இதே லிஃப்ட், இதே ஓட்டை."

சூப்பர்வைசர் ஓட்டையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். வார்த்தை தவறாத மனிதர், பாவம். அதே கட்டடத்துக்கு மட்டும் நிரந்தர மெக்கானிக்காகப் போட்டுவிட்டுப் போனார். வேறு எந்த லிஃப்டுக்கும் இவரை அனுப்ப முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

சோபாவில் என் ஓரம் தப்பியது. மாப்பிள்ளை இப்போது தினமும் அந்தக் கூரையில் குதித்து ஏறி இறங்கிக் காட்டி, எல்லாம் பட்டினியின் மகிமை என்கிறார். கட்டடத்தில் பாதிப் பேர் அவரிடம் முறையைக் கேட்டுக்கொண்டு தொடங்கியும்விட்டார்கள். லிஃப்டில் எட்டுப் பேர் போகலாம் என்று எழுதியிருந்தது. போன வாரம் அதை அழித்து ஐந்து என்று எழுதியிருக்கிறார்கள்.